பகலில் மெய்ப்பு, இரவில் ஆட்டம்: 27 அங்குல 1440பி மானிட்டருடன் மூன்று வருடம்

ஒரே மானிட்டரில்தான் மூன்று வருடத்துக்கு மேலாக வேலையும் பார்க்கிறேன், விளையாடவும் செய்கிறேன். 27 அங்குலம், 2560×1440 ரெசல்யூஷன் (அகலத்தில் 2560, உயரத்தில் 1440 பிக்ஸல், சுருக்கமாக 1440பி), ஐபிஎஸ் பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை), 165 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 165 முறை படம் புதுப்பிக்கும் வேகம்). மாடல் பெயரைச் சொல்லிப் பெரிய பயனில்லை. பேனல் செய்கிற கம்பெனிகள் எல்ஜி டிஸ்ப்ளே, ஏயூஓ, பிஓஇ, இன்னோலக்ஸ் என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன, அவர்களிடம் வாங்கித்தான் பல பிராண்டுகள் தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன, அதுவும் வருடத்துக்கு ஒரு மாடல் மாறிக்கொண்டே இருக்கும். அளவு, ரெசல்யூஷன், பேனல் வகை, ஹெர்ட்ஸ் என்ற நான்கு விவரத்தையும் பிடித்துக்கொண்டால் போதும்.

என் வேலை தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் வடிவமைப்பதும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கொஞ்ச நேரம் ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2, ராக்கெட் லீக், வார இறுதியில் ஃபோர்ஸா ஹொரைசன் 5. போட்டிக்கு ஆடுகிற ஆள் இல்லை. இப்படி இரண்டுக்கும் சேர்த்து ஒரு மானிட்டர் தேடுகிறவர்கள் எடுத்தவுடன் ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்க்கிறார்கள். நான் சொல்வேன், முதலில் எழுத்தைப் பாருங்கள். எட்டு மணி நேரம் பார்க்கப்போவது எழுத்தை, ஆட்டத்தை ஒரு மணி நேரம்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27 அங்குலத் திரையில் 1080பி (1920×1080) என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்ஸல், 1440பி என்றால் 109, 4கே (3840×2160) என்றால் 163. புத்தகப் பக்கத்தை அச்சில் வரும் அதே அளவில் திரையில் வைத்தால் 11 பாயிண்ட் எழுத்துக்கு முதலாவதில் 12 பிக்ஸல் உயரம் கிடைக்கும், அடுத்ததில் 16 அல்லது 17, 4கே-யில் 25. அந்த 12 பிக்ஸலுக்குள்தான் ஒரு தமிழ் எழுத்தும் அதன் தலையில் புள்ளியும் அடங்க வேண்டும். புள்ளிக்கு ஒரே ஒரு பிக்ஸல்தான் மிஞ்சும், அதுவும் முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பலாக விழும். ‘ற்’ எது ‘ற’ எது, ‘ளு’ எது ‘ளூ’ எது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 109-இல் புள்ளி புள்ளியாகவே தெரிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவருக்கு 27 அங்குல 1080பி ஒருவேளை ஒத்துவரலாம், தமிழில் வேலை செய்கிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். பட்ஜெட் இடிக்கிறது என்றால் 24 அங்குல 1080பி எடுங்கள், அதில் 92 பிக்ஸல் வருகிறது, சமாளிக்கலாம்.

இன்னொரு வசதியும் 27-இல் உண்டு. இந்தத் திரையின் உயரம் 13 அங்குலத்துக்குச் சற்று மேல், அகலம் இருபத்து மூன்றரை. இரண்டு ஏ4 தாள்களை நிஜ அளவிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகும் ஓரத்தில் இன்டிசைன் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) கருவிப் பெட்டிகளுக்கு இடம் மிச்சம் இருக்கிறது. 24 அங்குலத்தின் உயரம் ஏ4 உயரத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது, மெனுவும் டாஸ்க்பாரும் போக முழுப் பக்கம் கொள்ளாது.

சரி, எழுத்துதான் முக்கியம் என்றால் ஏன் 4கே எடுக்கவில்லை? விளையாட்டுதான் காரணம். 1440பி-யில் 37 லட்சம் பிக்ஸல், 4கே-யில் 83 லட்சம். கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) இரண்டே கால் மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060, அது 1440பி-யைத் தாங்குகிறது, 4கே-யில் மூச்சு வாங்கும். கார்டு திணறும்போது ஆட்டத்தின் ரெசல்யூஷனை 1080பி-க்கு இறக்கிவிடாதீர்கள், 1440-க்கு 1080 முழு எண்ணாக வகுபடாததால் படம் மொத்தமும் மங்கலாகிவிடும். டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து திரை அளவுக்குத் தெளிவாகப் பெரிதாக்கும் வசதிகள்) இருந்தால் அதை ‘குவாலிட்டி’யில் போட்டால் நன்றாகவே இருக்கிறது. கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம், பிளேஸ்டேஷன் 5-க்கு 1440பி ஆதரவே 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. விளையாட்டே இல்லை, எழுத்து மட்டும்தான் என்பவர்கள் தயங்காமல் 27 அங்குல 4கே வாங்குங்கள்.

இப்போது ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144-இல் 6.9, 165-இல் 6.1. கணக்கே சொல்கிறது, 60-இலிருந்து 144-க்குப் போவதுதான் பெரிய தாவல், அதற்கு மேல் கூடுவதெல்லாம் கையில் தெரியாது. 240-க்காகக் கூடுதல் காசு கொடுப்பது என்னைப்போல் சும்மா ஆடுகிறவர்களுக்கு வீண், அந்தக் காசை ஸ்டாண்டில் போடலாம். நான் எதிர்பார்க்காத நன்மை வேலையில்தான் கிடைத்தது. 400 பக்கக் கோப்பை வேகமாக உருட்டும்போது வரிகள் இழுபடாமல் நகர்வதால் கண் தேடுகிற சொல்லை ஓடும்போதே பிடித்துக்கொள்கிறது. இதற்குப் பழகிவிட்டு யார் வீட்டிலாவது 60 ஹெர்ட்ஸ் திரையில் உட்கார்ந்தால் மவுஸ் அம்பே கனக்கிற மாதிரி இருக்கிறது.

வாங்கி மாட்டியதும் விண்டோஸ் தானாக 165-க்குப் போகும் என்று நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் 60-இலேயே நிற்கும், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’க்குள் போய் நாம்தான் மாற்ற வேண்டும். கேபிளும் டிஸ்ப்ளேபோர்ட்டாக இருக்கட்டும், இந்த வகை மானிட்டர்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ 144-உடன் நின்றுவிடும். அப்புறம் பெட்டியில் கொட்டையெழுத்தில் போட்டிருக்கும் ‘1 மில்லிசெகண்ட்’, அதாவது பிக்ஸல் நிறம் மாற எடுக்கும் நேரம். அந்த வேகம் வருவதற்காக ஓவர்டிரைவை (பிக்ஸலை வேகமாக மாறவைக்கும் செட்டிங்) உச்சத்தில் வைத்தால் ஓடுகிற காருக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது. மூன்று நிலை இருந்தால் நடுவில் வையுங்கள், மூன்று வருடமாக நான் அதைத் தொடவே இல்லை. ஃப்ரீசிங்க்கை (திரையின் ஹெர்ட்ஸை கார்டின் வேகத்தோடு ஒத்துப்போகவைக்கும் வசதி) மட்டும் கட்டாயம் ஆன் செய்யுங்கள், எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை) ஏறி இறங்கும்போது படம் குறுக்கே கிழிகிற தொல்லை போய்விடும். என்விடியா கார்டுகளும் 2019-இலிருந்து இதை ஏற்கின்றன.

ஐபிஎஸ்ஸின் உண்மையான குறை கறுப்பில்தான். இதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000:1 சுமாருக்குத்தான், விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் 3000:1 சாதாரணமாக வரும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக் காட்சி ஏதாவது ஆடினால் திரையின் கீழ் மூலைகளில் ஒரு சாம்பல் பளபளப்பு தெரியும், தலையை நகர்த்தினால் அதுவும் நகரும். திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன வெள்ளை எல்இடி பட்டை ஒட்டியபின் அது பெரிதாக உறுத்துவதில்லை. அப்படியும் விஏ-க்கு மாற மாட்டேன், இருண்ட பகுதிகள் நகரும்போது பின்னால் மை இழுத்த மாதிரி ஒரு கறை வருவது எனக்கு ஆகவே ஆகாது. ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்ஸலும் தானே ஒளிரும் திரை) ஆட்டத்துக்கு அற்புதம்தான், ஆனால் எழுத்தின் ஓரங்களில் லேசாக நிறம் கசிகிறது, நாள் முழுக்க ஒரே மெனு ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் பதிந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது. வேலைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். டிஸ்ப்ளேஹெச்டிஆர் 400 (வெளிச்சமும் இருளும் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் படங்களுக்கான சான்றிதழ்) என்ற ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். லோக்கல் டிம்மிங் (பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைப்பது) இல்லாமலே அந்தச் சான்றிதழை வாங்கிவிடலாம், ஆன் செய்தால் என் திரையில் எல்லாம் வெளுத்துத்தான் போகிறது.

ஸ்டாண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் முதுகைக் காப்பாற்றியது. உயரம் ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டாண்ட், திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீட்டும் தூரம். கூட வந்த ஸ்டாண்ட் முன்னும் பின்னும் மட்டும் சாயும் ரகமாக இருந்தால், பின்புறம் 100×100 வெசா துளைகள் (ஆர்ம் மாட்டுவதற்கான பொது அளவுத் துளைகள்) இருக்கின்றனவா என்று பார்த்து ஓர் ஆர்ம் வாங்கி மாட்டிவிடலாம். பிரைட்னஸைப் பகலில் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஏற்றுகிறேன், இரவில் பாதிக்கும் கீழே. பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த அளவில் அப்படியே வைத்தால் வெள்ளைப் பக்கம் கண்ணைக் குத்தும்.

இரண்டாவது வருடக் கடைசியில் அடாப்டர் போனது. திரை அணைந்து அணைந்து எரிந்தது, எங்கள் தெருவில் மின்சாரம் ஏறி இறங்குவது வழக்கம்தான். சர்வீஸ் சென்டரில் அடாப்டரை மட்டும் கொடுத்தால் பார்க்க மாட்டோம், மானிட்டரையே கொண்டுவா என்றார்கள், அதுவும் பெட்டியோடு. வாரண்டி மூன்று வருடம் இருந்ததால் காசு போகவில்லை, ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் லேப்டாப் திரையில் மெய்ப்புப் பார்த்துக் கழுத்து வலித்தது. இப்போது மானிட்டரையும் யுபிஎஸ்ஸில்தான் செருகியிருக்கிறேன்.

சென்னையில் இருப்பவர்கள் முடிந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய் நேரில் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் ஓட்டிக்காட்டும் பளபளா வீடியோவை நம்பாமல், முழுக் கறுப்பு, முழு வெள்ளை, நடுச் சாம்பல் என மூன்று படங்களையும் உங்கள் சொந்த வேர்டு கோப்பு ஒன்றையும் பென்டிரைவில் எடுத்துப்போங்கள். கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா, வெள்ளையில் டெட் பிக்ஸல் இருக்கிறதா, சாம்பலில் திட்டுத் திட்டாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஒன்றிரண்டு பிக்ஸல் போனதைப் பல கம்பெனிகள் பின்னால் பழுதாகவே எடுத்துக்கொள்வதில்லை. பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும் வரை பரணில் போட்டு வையுங்கள்.