ஜாரிட் வினாத்தாள்: 22 கேள்வி சரி, யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறோம்?

மறதி நோயோ பக்கவாதமோ வந்தவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ சேர்ந்துபோன அழுத்தம் எவ்வளவு என்று அளக்க இப்போது மூன்று வகை கருவிகள் புழக்கத்தில் உள்ளன. கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச் ஒன்று. அழுத்தத்தில் உடல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனை முடியிலோ எச்சிலிலோ பார்க்கும் பரிசோதனை இன்னொன்று. மூன்றாவது, ஒரு தாளில் அச்சடித்த கேள்விகள். பளபளப்பு மிகக் குறைந்தது இந்தத் தாள்தான். காசுக்கும் நேரத்துக்கும் பலன் தருவதும் அதுதான், கேட்கும் விதம் சரியாக இருந்தால்.

அப்படிப்பட்ட தாள்களில் ஒன்றான ஜாரிட் வினாத்தாளை ஸ்டீவன் ஜாரிட்டும் சகாக்களும் 1980-இல் அமெரிக்காவில், மறதி நோயாளிகளின் குடும்பத்தாருக்காக உருவாக்கினார்கள். முதலில் 29 கேள்விகள். இன்று எங்கும் ஓடுவது 22 கேள்விப் பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. தனக்கென்று நேரம் கிடைக்கிறதா, நோயாளியின் நடத்தையால் கூச்சமாக இருக்கிறதா, பணம் போதுகிறதா, இன்னும் எவ்வளவு நாள் தாங்க முடியும், இதை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடலாமா என்று கேள்விகள் போகும். 10 நிமிடம் போதும். வழக்கமாக 21 முதல் 40 வரை லேசானது முதல் மிதம் வரை, 41 முதல் 60 வரை மிதம் முதல் கடுமை வரை, அதற்கு மேல் கடுமை என்று பிரிக்கிறார்கள். இந்தக் கோடுகளை நோய் கண்டறியும் எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 20-களின் நடுவிலேயே மனச்சோர்வு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கத் தொடங்குவது நல்லது. 40 தாண்டட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு.

கருவி சறுக்கும் முதல் இடம் தலைப்பு. 'சுமை' என்ற சொல்லைத் தாளின் உச்சியில் பார்த்ததுமே பாதிப் பேர் முகம் மாறிவிடும். 'அம்மா எனக்குச் சுமையா?' என்ற கேள்வி நம் வீடுகளில் கேட்கக் கூடாத கேள்வி. விளைவு, வரிசையாக 'ஒருபோதும் இல்லை'. மொத்தம் 6, 7 என்று வரும். அந்த எண் நிம்மதியைக் காட்டவில்லை, வாய் திறக்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. தலைப்பை மறைத்துக் கொடுங்கள். கேள்விகளின் சொற்களை மட்டும் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள், மாற்றினால் மற்றவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது. புரியவில்லை என்றால் முதலில் அச்சிட்டபடி வாசித்துவிட்டு, பிறகு பேச்சு வழக்கில் ஒருமுறை விளக்கலாம்.

இரண்டாவது, இடம். மாமியார் அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கும்போது மருமகளிடம் 'அவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா' என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? மருந்து வாங்கப் போகும் வழியில், மாடியில், அல்லது நோயாளியை உள்ளே டாக்டர் பார்க்கும் நேரத்தில் வெளி பெஞ்சில் கேட்க வேண்டும். கணவரை நிரப்பச் சொல்லி வாங்கிவந்த தாளைக் குப்பையில் போடலாம். கையெழுத்து அவருடையது, இரவு மூன்று முறை எழுந்து துணி மாற்றுபவர் வேறு ஆள்.

மூன்றாவது, விடை அளவுகோல். 'அபூர்வமாக', 'சில நேரம்' இரண்டும் பலருக்கு ஒன்றாகவே கேட்கும். 'எப்போதாவது ஒரு தடவை', 'விட்டு விட்டு வரும்' என்று வாயால் பிரித்துச் சொன்னால் 1-க்கும் 2-க்கும் வித்தியாசம் பிடிபடும். விடுபட்ட கேள்விகளைக் கூட்டும் முன் எண்ணிப் பாருங்கள். பணம் பற்றியதையும் கூச்சம் பற்றியதையும் காலியாக விட்டாலே மொத்தம் 8 வரை குறைந்து காட்டும்.

20, 21-ஆம் கேள்விகள் தனி ரகம். 'இன்னும் அதிகம் செய்திருக்கலாமோ', 'இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமோ' என்பவை குற்ற உணர்வைத் தொடுபவை. மற்றதெல்லாம் பூஜ்யமாக இருந்து இவை இரண்டும் மட்டும் 4 என்றால், மொத்தத்தை விட்டுவிட்டு அந்த இரண்டைப் பற்றிப் பேச்சு கொடுங்கள்.

இன்னொரு குறை, கேள்விகள் எந்தக் காலத்தைப் பற்றியவை என்று தாளில் வரையறை இல்லை. நேற்று நோயாளி விழுந்திருந்தால் இன்று எண் ஏறும். இதற்குத் துணையாக ஷெல்டன் கோஹனின் உணரப்பட்ட அழுத்த அளவுகோலைச் சேர்க்கலாம்: 10 கேள்வி, கடந்த ஒரு மாதம், மொத்தம் 40. அதில் 4, 5, 7, 8-ஆம் கேள்விகள் நான்கையும் தலைகீழாக (0 என்றால் 4, 4 என்றால் 0) எண்ண வேண்டும். இதை மறந்து கூட்டியவர்கள் ஏராளம்.

முடி கார்டிசாலை ஆராய்ச்சிக்கு மெச்சலாம். பின் உச்சியில், தலைத்தோலை ஒட்டி வெட்டிய 3 சென்டிமீட்டர் முடி சுமார் மூன்று மாதக் கதையைச் சொல்லும், ஏனென்றால் முடி மாதம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. வேர்ப்பக்கம் எது என்று குறித்து அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். சாயம், ப்ளீச், ஸ்டீராய்டு களிம்பு, ஆஸ்துமா இன்ஹேலர் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். வேண்டுதலுக்கு மொட்டை போட்டவரிடம் எடுக்க ஒன்றுமில்லை. நீண்ட நாள் அழுத்தத்தில் கார்டிசால் ஏறவும் செய்யும், சிலருக்கு மழுங்கவும் செய்யும் என்பதால் ஒரு தனி ஆளின் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எச்சில் பரிசோதனைக்கு விழித்தவுடன், 30 நிமிடத்தில், 45 நிமிடத்தில் என்று மாதிரி வேண்டும். இரவெல்லாம் நாலு தடவை எழுந்தவருக்கு 'விழித்த நேரம்' எது?

ஸ்மார்ட்வாட்ச் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கார்மின் போன்றவை இதயத் துடிப்பின் இடைவெளி மாறுபாட்டிலிருந்து 0–100 என்று எண் தருகின்றன. காய்ச்சலும் காபியும் தூக்கமின்மையும் அதே எண்ணை ஏற்றும். தூக்கம் எத்தனை முறை உடைந்தது என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

வீட்டில் இருப்பவருக்குத் தீவிர மனநோய் என்றால் ஜாரிட்டைவிட, சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனத்தில் தாராவும் பத்மாவதியும் சகாக்களும் 1998-இல் வெளியிட்ட சுமை மதிப்பீட்டு அட்டவணை பொருந்தும். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். நம் ஊர்க் குடும்பங்களிடம் பேசி உருவானது அது.

கூட்டம் நெரியும் ஓபி என்றால் ஜாரிட்டின் நான்கு கேள்விச் சுருக்கம் போதும்: 2, 3, 9, 19-ஆம் கேள்விகள். மொத்த மதிப்பெண் 16. அதில் 8-ஐ எட்டினால் முழுத்தாளுக்குப் போங்கள். எந்தப் பதிப்பானாலும் ஒரு கேள்வி அதில் கிடையாது: 'செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா?' அதைக் கடைசியில் நீங்களே, தாளை மடக்கி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். ஆம் என்றால் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் எடுப்பார்கள்.