லண்டனா, பாரிஸா? சுவடி தேடிப் போனவனின் கணக்கு

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். இடைப்பட்ட அந்தப் பதினைந்து வருடங்கள்தான் என் ஆய்வு. இதில் ஒரு தொல்லை: காகிதங்களில் ஒரு பங்கு லண்டனில், இன்னொரு பங்கு பிரான்சில். கையிலிருந்ததோ மூன்று மாத உதவித்தொகை. ஆளுக்குப் பாதி என்று பிரித்து, டிசம்பர் தொடக்கம் வரை லண்டன், அப்புறம் பாரிஸ் என்று தங்கிப் பார்த்தேன்.

முதல் நாளில் லண்டன் சுலபமாக ஜெயித்துவிடும். வங்கி அட்டையைத் தட்டினால் சுரங்க ரயில் கதவு திறக்கிறது. ஈஸ்ட் ஹாமில் இறங்கினால் கடைப் பலகைகளில் தமிழ். வெளியூர் வந்த பயமே இல்லை. பாரிஸில் அப்படியில்லை. ஒரு ரொட்டிக் கடையில் நேராக வேண்டியதைக் கேட்டேன்; அந்த அம்மா என்னைக் காணாதது போல நின்றார். 'போன்ஜூர்' சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பது அங்கே மரியாதைக் குறைவு என்று பின்னால்தான் புரிந்தது. மறுநாள் சொன்னேன். சிரித்தார்.

ஆனால் லண்டனின் அந்தச் சுலபம் ஒரு ஏமாற்று. எல்லாம் புரிகிறதே என்று யாரிடமும் எதுவும் கேட்கவில்லை; ஆறு வாரத்தில் ஒருவரோடும் பழகவுமில்லை. பாரிஸில் ஒவ்வொன்றுக்கும் ஆளைக் கேட்க வேண்டியிருந்தது. அதனாலேயே மூன்றாவது வாரத்தில் தெருவில் நாலு பேர் வணக்கம் சொன்னார்கள்.

தங்கும் அறை இரண்டு ஊரிலும் தலைவலிதான். பிரான்சில் வாடகைக்கு விடும் அறை குறைந்தது 9 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி. என் அறை அந்த விதியை மட்டும் பூர்த்தி செய்தது: ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டிய ஆறாம் மாடி அறை, லிஃப்ட் கிடையாது. லண்டன் அறை பெரிது, தூரம் அதிகம். தினமும் போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போனது. பாரிஸ் நகரம் மொத்தமே 105 சதுர கிலோமீட்டர்தான். பெருநகர லண்டன் 1,570-ஐத் தாண்டும். பாரிஸில் நூலகத்துக்கு நடந்தே போனேன்.

சரி, வந்த வேலைக்கு வருவோம். செயின்ட் பாங்கிராஸிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் வாசகர் அட்டை இலவசம். ஆனால் முகவரிக்குச் சான்று வேண்டும். சான்றுக்கு வங்கிக் கடிதம், வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று என்று ஒரு வாரம் சுற்றினேன். உள்ளே போன பிறகு குறையே இல்லை. பென்சில் மட்டும் அனுமதி. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து பெற்ற கடிதங்கள் கட்டுக் கட்டாக மேசைக்கு வருகின்றன. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் இந்த நூலகத்தின் பட்டியலே முடங்கிப்போனது. அதனால் எதை நம்பிப் போகிறீர்களோ அதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது.

பாரிஸில் தமிழ்ச் சுவடிகள் இருப்பது தேசிய நூலகத்தின் ரிஷ்லியூ கட்டடத்தில். அங்குள்ள நீள்வட்ட வாசகர் கூடம் 2022-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. யாரும் இலவசமாக உள்ளே போய் உட்காரலாம். சுவடிப் பிரிவுக்குத் தனி அட்டை, அதற்கு முன் ஒரு நேர்காணல். புதுச்சேரியில் அதிகாரியாக இருந்து 1854-இல் இறந்த எதுவார் ஆரியேல் திரட்டிய ஓலைகளும் ஏடுகளும் அங்கே இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்தேன்.

ஆனால் கணக்கு என்று வந்தால் பாரிஸ் தோற்கிறது. பிரெஞ்சுக் கம்பெனிக் கால நிர்வாகக் காகிதங்களில் பெரும்பகுதி அங்கே இல்லை. தெற்கே எக்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பாரிஸ் நூலகத்தின் கலிக்கா இணையதளத்திலோ எத்தனையோ ஏடுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். லண்டன் கட்டுகளுக்கு நான் நேரில்தான் போக வேண்டியிருந்தது.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது. பாரிஸ் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடுவதால் ஐந்து வரை வெளிச்சம் இருக்கிறது. பதிலுக்குக் காலையில் எட்டரைக்கும் விடிவதில்லை. எனக்கு மாலை வெளிச்சம்தான் முக்கியம்.

பிரெஞ்சு தெரியாதவர் யோசிக்கவே வேண்டாம், லண்டன்தான். எனக்குத் தட்டுத்தடுமாறி வாசிக்க வரும்; மனசும் பாரிஸ் பக்கம்தான். இருந்தும் அடுத்த முறைக்கு எட்டு வாரம் லண்டன், இரண்டு வாரம் பாரிஸ், இரண்டு வாரம் எக்ஸ் என்று எழுதிவைத்திருக்கிறேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷாப்பெலில் நான் மளிகை வாங்கும் கடையின் ஈழத்து அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "லண்டனோ? அங்க என்ன கிடக்கு தம்பி?" என்றார்.