நாமா மீதான பொதுக் கணக்குக் குழு விசாரணை: ஒரு மதிப்பீடு

அயர்லாந்தில் நிலம், கட்டடத் துறைக்கு வங்கிகள் கொடுத்துச் சிக்கிக்கொண்ட கடன்களைக் கையாள 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரசு முகமையான நாமா, ஏறத்தாழ 7,400 கோடி யூரோ கடன்களை 3,180 கோடி யூரோவுக்கு வாங்கியது. அதை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்த விதத்தைக் குடிமக்களுக்கான சேவையாக எடைபோட்டால், தயங்காமல் நல்ல மதிப்பெண் தருவேன்.

வட அயர்லாந்துக் கடன்கள் 2014-இல் மொத்தமாகச் செர்பரஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்ட ஈகிள் திட்டத்தால் 19 கோடி பவுண்டு வரை இழப்பு நேர்ந்திருக்கலாம் என்று 2016-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கூறியதை நாமா அடியோடு மறுத்தபோது, குழு இரு தரப்பையும் பொது அமர்வில் விசாரித்தது. எதிர்கால வரவுகளின் இன்றைய மதிப்பைக் கணிக்க வழக்கமான 5.5 விழுக்காட்டுக்குப் பதில் 10 விழுக்காட்டுத் தள்ளுபடி வீதத்தை நாமா ஏன் எடுத்துக்கொண்டது என்ற கேள்வியை உறுப்பினர்கள் விடாப்பிடியாகத் துருவினார்கள். வீதம் உயர்ந்தால் குறைந்தபட்ச விற்பனை விலை இறங்கிவிடும் என்பதால், மெய்யாகவே முக்கியமான இடம் அதுதான்.

குறையும் உண்டு. அறிக்கை 2017-இல், விற்பனை முடிந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே வந்தது. நாட்டெல்லைக்கு வெளியே இருப்போரைக் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரமும் குழுவுக்கு இல்லை. இத்தகைய பெரும் விற்பனைகளின் மதிப்பீட்டு முறை, கையெழுத்தாகும் முன்பே குழுவின் பார்வைக்கு வந்தாக வேண்டும்.