செக்காலை ஞாயிறு வகுப்பில் மேக்பெத்: சேரலாமா?

காரைக்குடியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு நாடகப் பாடம் என்றால் பெரும்பாலும் நோட்ஸ்தான். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, பேராசை பெருநஷ்டம், முடிந்தது. செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டுப் பட்டாலையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தும் வகுப்பு அப்படி இல்லை. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் முழுவதற்கும் 1,500 ரூபாய். மூன்றாம் ஆண்டு மாணவனாகச் சொல்கிறேன், தாராளமாகக் கொடுக்கலாம்.

டீச்சர் கதை சொல்ல மாட்டார். நாம் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்மை பற்றிய பேச்சு வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, யார் யாரிடம், என்ன காரியம் ஆகவேண்டிச் சொல்கிறார்கள் என்று ஓரத்தில் எழுதச் சொல்வார். முதல் அங்கம், ஏழாம் காட்சி. அரசனைக் கொல்லத் தயங்கும் தளபதி மேக்பெத், 'ஆணுக்குத் தகுந்தது எதுவானாலும் செய்வேன், அதற்கு மேல் துணிகிறவன் ஆணே இல்லை' என்கிறான். 'துணிந்தபோதுதான் நீ ஆணாக இருந்தாய்' என்று மனைவி மடக்கிவிடுகிறாள். அப்புறம் மூன்றாம் அங்கத்தில், தன் தோழன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் பிடிக்கும்போது மேக்பெத் அதே தூண்டிலைப் போடுகிறான். 'நாங்களும் ஆண்கள்தான்' என்கிறவர்களிடம், வேட்டைநாயும் நாய்தான், கலப்பு நாயும் நாய்தான், நீங்கள் எந்த வகை என்கிற மாதிரி கேட்கிறான். அவளிடம் கற்ற வித்தை! ஓரத்தில் எழுதி வைத்ததால்தான் இது என் கண்ணில் பட்டது.

நான்காம் அங்கத்தில், மேக்பெத் அனுப்பிய ஆட்களிடம் மனைவி மக்களை இழந்த பிரபு மக்டஃபிடம், ஆண்பிள்ளையாக இதை எதிர்கொள் என்கிறான் கொலையுண்ட அரசனின் மகன் மால்கம். 'செய்கிறேன், ஆனால் ஆணாக இதை உணரவும் வேண்டும்' என்பது மக்டஃபின் பதில். அந்த வரியைப் படித்த பையன் பாதியில் நின்றுவிட்டான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று பங்காளிகள், "ஆம்பளப் புள்ள அழலாமாடா" என்று அவனை அதட்டினார்களாம். டீச்சர் அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே வரவில்லை. பிறகு அதே வரியை மறுபடி படிக்கச் சொன்னார். இந்த நாடகத்தில் 'ஆணாக இரு' என்பதற்கு அழுதபடியே பதில் சொல்கிறவன் மக்டஃப்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்போது விளங்கியது.

குறையும் உண்டு. 1606 வாக்கில் எழுதிய நாடகம் என்பதால் அப்போது இங்கிலாந்தை ஆண்ட ஜேம்ஸ் மன்னர், சூனியக்காரிகள் என்று பின்னணிக்கே ஒரு மதியம் போனது. கடைசி அங்கம் ஓட்டமாக ஓடியது. அதில் மகன் போரில் இறந்தான் என்று கேட்ட ஆங்கிலப் படைத்தலைவர் கிழவர் சிவார்டு, காயம் முன்பக்கம்தானே என்று விசாரிக்கிறார். புறநானூறு 278-ஐ அங்கே எடுக்காமல் விட்டதில் எனக்கு மிகுந்த வருத்தம். மகன் போரில் புறங்காட்டியிருந்தால் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிற தாய் அதில் வருகிறாள். மேக்பெத்தின் மனைவியோ, வாக்குக் கொடுத்திருந்தால் பால் குடிக்கும் பிள்ளையைப் பிடுங்கி மண்டையை உடைத்திருப்பேன் என்கிறாள். இரண்டு இடத்திலும் ஆணின் வீரத்துக்குப் பெண் தன் தாய்மையைப் பணயம் வைக்கிறாள். இதற்கே ஒரு முழு வகுப்பு ஒதுக்கியிருக்கலாம்.

ஜெராக்ஸ் மங்கலாக இருக்கிறது, வரி எண் போட்ட புத்தகமாகப் பார்த்துச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது ஒத்தெல்லோ. நான் பணம் கட்டிவிட்டேன்.