பழைய மலிவு டிரம் செட்: எதை வாங்கிச் சீர்செய்யலாம்?

பழைய டிரம் செட் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, சீர்செய்து, வாசிக்கவும் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நான்கு வகைகளில் ஒன்றிடம்தான் வந்து நிற்கிறார்கள். 1960களில் ஜப்பானில் செய்து பல பெயர்களில் விற்ற செட்டுகள் ஒன்று. இங்கிலாந்தின் பிரீமியர் கம்பெனி குறைந்த விலைக்கு விட்ட ஒலிம்பிக் இன்னொன்று. சிகாகோவில் லட்விக் செய்த ஸ்டாண்டர்ட் மூன்றாவது. 1982-இல் வந்த பியர்ல் எக்ஸ்போர்ட் நான்காவது.

இவற்றை ஒப்பிடும்போது எந்தப் பெயர் பெரியது என்று நான் பார்ப்பதில்லை. எந்தக் குறையைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்றுதான் பார்க்கிறேன். அழுக்கு, துரு, கிழிந்த தோல் இதெல்லாம் ஒரு குறையே இல்லை. கோணிப்போன ஷெல்லும் (டிரம்மின் உருளை உடல்), தேடினாலும் கிடைக்காத உதிரிப்பாகமும்தான் உண்மையான குறை.

முதலில் ஜப்பான் செட்டுகள். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்ததும், அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு பையன்கள் டிரம்ஸ் கேட்டு அடம்பிடிக்க ஆரம்பித்தார்கள். ரிங்கோ ஸ்டார் வாசித்த லட்விக் செட்டை வாங்கிக் கொடுக்க எல்லாப் பெற்றோராலும் முடியவில்லை. அந்த இடத்தை ஜப்பான் நிரப்பியது. பியர்ல் கம்பெனி 1961-இலேயே சிபாவில் தொழிற்சாலை கட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களுக்கு அவரவர் பெயரிலேயே செட் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. அப்பல்லோ, மெஜஸ்டிக், ஸ்டூவர்ட், கோரனெட், லைரா, வைட்ஹால் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். பிற்பாடு டாமா என்ற பெயரில் புகழ்பெற்ற ஹோஷினோ கம்பெனியும் அப்போது ஸ்டார் என்ற பெயரில் டிரம்ஸ் செய்துகொண்டிருந்தது. அதனால் பேட்ஜில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து விலையைக் கூட்டிக் கேட்பவரிடம் மயங்க வேண்டாம். இரண்டு வேறு பேட்ஜுகளுக்குப் பின்னால் ஒரே ஷெல் இருக்கலாம்.

அந்த ஷெல் பெரும்பாலும் லுவான் மரம். பிலிப்பைன் மஹோகனி என்றும் சொல்வார்கள். மெல்லிய ப்ளை, உள்ளே மேலும் கீழும் வலுவுக்கு ஒரு மர வளையம். லுவான் மென்மையான மரம். உள்பக்கத்தைக் கையால் தடவினால் சிலாம்பு குத்தும். ஆனால் அந்த மென்மையிலிருந்துதான் அதன் ஒலியும் வருகிறது: கனமாக, இருட்டாக, நீளாமல் சட்டென்று அடங்குகிற ஒலி. மேலே வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைத் தோலைப் போட்டு, சுருதியைக் கொஞ்சம் இறக்கி வைத்து, தரையில் காலூன்றி நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமை அடித்துப் பாருங்கள். இந்த விலைக்கு இவ்வளவு இதமான ஒலியா என்று இருக்கும்.

சிக்கல் விளிம்பில். தோல் உட்காரும் அந்த விளிம்பு மலிவு செட்டுகளில் மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படி இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் சுருதி நிற்காது. இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். தடிமனான கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் 150 எண் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். விளிம்பின் உச்சியில் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, ஷெல்லைக் கவிழ்த்து வைத்து, இரண்டு கையாலும் பட்டும் படாமலும் அழுத்தி, மெதுவாகச் சுற்றுங்கள். நாலைந்து சுற்றுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால், கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். கோடு முழுவதும் அழியும்வரை இதையே செய்ய வேண்டும். அப்புறம் ஷெல்லை வெறும் கண்ணாடியில் வைத்து, உள்ளே டார்ச் அடித்து, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். கீழே வெளிச்சம் கசியாவிட்டால் விளிம்பு சமமாகிவிட்டது. கடைசியாக 220 எண் தாளால் லேசாக உருட்டிவிட்டு, மெழுகுவர்த்தியை விளிம்பில் ஒரு சுற்று தேய்த்தால் போதும். லுவானில் புது செட்டுகளைப் போலக் கூர்மையான விளிம்பு வெட்ட ஆசைப்படாதீர்கள். மரம் தாங்காது, பிய்ந்துவிடும்.

இந்தச் செட்டுகளில் தேறாதது இரும்புச் சாமான்கள்தான். ஸ்டாண்டுகள் ஒல்லி. டாம் என்ற சிறிய டிரம்மைத் தாங்கும் பிடிகள் மலிவான வார்ப்பு உலோகம், குறடு போட்டு இறுக்கினால் விரிசல் விடும். குரோம் பூச்சும் மெல்லியது. ஆகவே பிடிகளும், லக்குகளும் (தோலை இறுக்கும் திருகுகள் மாட்டும் உலோகத் துண்டுகள்) முழுசாக இருக்கும் செட்டை மட்டும் வாங்குங்கள். ஒரு லக் உடைந்திருந்தால், அதே லக் இன்னொரு செட்டைப் பிரித்தால்தான் கிடைக்கும்.

இனி ஒலிம்பிக். இதன் நிலைமை அப்படியே தலைகீழ். பிரீமியர் 1922-இல் லண்டனில் தொடங்கி, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பிறகு லெஸ்டர் பக்கம் இடம்பெயர்ந்த கம்பெனி. ரிங்கோவே லட்விக்குக்கு மாறும்முன் பிரீமியர்தான் வாசித்தார். ஒலிம்பிக் அவர்களுடைய இரண்டாம் வரிசை: லக் எண்ணிக்கை குறைவு, தோலை அழுத்திப் பிடிக்கும் உலோக வளையங்கள் எளியவை. ஆனால் வேலைப்பாடு அதே ஊர், அதே கைகள். குரோமில் இது நன்றாகத் தெரியும். அறுபது வருடம் பரணில் கிடந்த ஒலிம்பிக் வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நனைத்த அலுமினியத் தாளால் துரு இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால், கண்ணாடி போல முகம் தெரிகிறது. ஜப்பான் வளையத்தில் அதே வேலையைச் செய்தால் துருவோடு பல இடங்களில் குரோமும் போய்விடுகிறது.

ஒலிம்பிக்கில் விழக்கூடிய பள்ளம் ஒன்றே ஒன்று, ஆனால் ஆழமானது. 1960களின் பிற்பகுதி வரை பிரீமியர் தன் சொந்த அளவிலேயே ஷெல் செய்தது. 12 அங்குலம் என்று சொல்லி விற்ற டாம் உண்மையில் அதைவிடச் சற்றுப் பெரிது. இன்று கடையில் வாங்கும் 12 அங்குலத் தோல் அதில் இறங்காது. அதற்கென்றே செய்யும் தோலைத் தேடி, கூடுதல் விலை கொடுத்து, காத்திருந்து வாங்க வேண்டும். பேட்ஜையும் வண்ணத்தையும் பார்த்து மயங்கி, தோலுக்கு ஆர்டர் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். போகும்போது அளவுநாடா கொண்டுபோங்கள். மேல் வளையத்தைக் கழற்றச் சொல்லி ஷெல்லின் வெளிவிட்டத்தை அளங்கள். 12 அங்குலத்தைத் தாண்டினால் அந்த செட் சேகரிப்பாளருக்கு, வாசிப்பவருக்கு அல்ல. அதே நாடாவை நாலு திசையிலும் வைத்துப் பார்த்தால் ஷெல் கோணலா என்பதும் தெரிந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் ரொம்பப் போனால் தோல் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொளதொளக்கும்.

லட்விக் ஸ்டாண்டர்ட் 1968 முதல் 1973 வரை வந்தது. சிகாகோ டேமன் அவென்யூவில் லட்விக்கின் பெரிய செட்டுகள் உருவான அதே தொழிற்சாலையில் செய்தவை. லக் குறைவு, லக்கின் வடிவமும் எளிது, ஷெல்லின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் மேலுறையில் ஸ்ட்ராட்டா என்ற அலை அலையான கோலம். அந்தக் கோலத்தைச் சிலர் அசிங்கம் என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தின் நிறம் அதில் இருக்கிறது. சீர்செய்கிறவருக்கு இதுதான் சுலபமான செட்: இன்றைய தோல்கள் அப்படியே பொருந்தும், முறுக்குத் திருகுகள் எந்த டிரம் கடையிலும் கிடைக்கும், ஷெல்லும் நேராக இருக்கும். ஆனால் பேட்ஜில் லட்விக் என்று இருப்பதாலேயே விலை ஏறிக்கொண்டு போகிறது. மலிவு செட் என்ற வரையறைக்கு விளிம்பில் நிற்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் தேடலாம். மற்றவர்கள் கப்பல் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆசை அடங்கிவிடும்.

பியர்ல் எக்ஸ்போர்ட் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கனமான ஷெல், இரட்டைக் கால் ஸ்டாண்டுகள், எங்கும் கிடைக்கும் பாகங்கள். துடைத்து, தோல் மாற்றினால் அன்று மாலையே மேடை ஏறலாம். 80களின் ராக் ஒலி வேண்டுமென்றால் இதுவே போதும். பழைய செட்டைச் சீர்செய்கிற சுகம் மட்டும் இதில் குறைவு.

எதை வாங்கினாலும் இரண்டு வேலைகள் பொது. லக்கின் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது அதிர்ந்து ஒவ்வொரு அடிக்கும் சிணுங்கும். லக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு துண்டு ஃபெல்ட் துணியைத் திணித்தால் ஒலி அப்படியே சுத்தமாகிவிடும். இன்னொன்று மேலுறை. பழைய முத்து மினுங்கல் உறைகள் சில செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை, எளிதில் தீப்பிடிக்கும். பசை இளக ஹீட் கன்னைக் கொண்டு போகவே கூடாது. அசிட்டோன் பட்டால் உறை கரையும். சோப்புத் தண்ணீர், பிளாஸ்டிக் பாலிஷ், பொறுமை, இது போதும்.

ஸ்நேர் (அடியில் கம்பிகள் அதிரும் சிறிய டிரம்) இல்லாமல் செட் மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். மலிவு செட்டுகளோடு வரும் ஸ்நேர் பெரும்பாலும் சுமார்தான், கம்பியை இழுத்து விடும் பொறி முதலில் பழுதாகும். அந்தப் பணத்துக்கு லட்விக் ஆக்ரோலைட் ஒன்றைத் தேடுங்கள். 1960களில் மாணவர்களுக்கென்று வந்த அலுமினிய ஸ்நேர் அது. லட்விக்கின் புகழ்பெற்ற ஸ்நேரான சுப்ராஃபோனிக்கின் அதே ஷெல், பத்துக்குப் பதில் எட்டு லக். சுப்ராஃபோனிக்கில் அலுமினியத்தின் மேல் போட்ட குரோம் நாளடைவில் பொரிந்து உரியும். ஆக்ரோலைட்டின் ஷெல்லில் குரோமே இல்லாததால் உரியவும் ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், கையைப் பழக்கிக்கொள்ள முதலில் ஒரு ஜப்பான் செட். பாகங்கள் முழுசாக இருக்க வேண்டும், பேட்ஜ் எதுவானாலும் சரி. வாசிப்பதற்கென்று ஒன்றே ஒன்று வைத்துக்கொள்வதானால், அளவு மாறிய பிறகு வந்த ஒலிம்பிக். இரண்டுக்கும் செட்டின் விலையைப் போல இன்னொரு மடங்கு பணத்தைத் தோலுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பேரம் பேசப் போங்கள்.