லாக் ஆக்சில் வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும் முன் டிரம்மைச் சுற்றிப் பாருங்கள்

கல்குவாரியில் ஓடும் ஆறு சக்கர டிப்பர். பின் ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கில், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தை ஒட்டி வெடிப்பு விட்டு, இரண்டு தடவை வெல்டிங் அடித்தும் நிற்கவில்லை. முழு ஆக்சிலையும் மாற்றிவிடுவது, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், குழிக்குள் சேற்றில் சிக்காத மாதிரி டிஃப் லாக் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டி இழுக்க வைப்பது) உள்ளதாகவே போட்டுவிடுவது என்று வண்டிக்காரர் முடிவெடுத்தார். முடிவில் தப்பில்லை. பழைய சாமான் கடையில் "கம்பெனி அசெம்பிளி, லாக்கோட இருக்கு, ஓடின வண்டியில இருந்து இறக்கினது" என்று சொல்லி, லாக்குக்குத் தனிக்காசு வாங்கி, அவர்களே மாட்டியும் கொடுத்தார்கள். டேஷ்போர்டில் சுவிட்ச், அமுக்கினால் மஞ்சள் விளக்கு, பின்னால் 'புஸ்' என்று காற்றுச் சத்தம். எல்லாம் இருந்தது. லாக் மட்டும் இல்லை.

மூன்றாவது வாரம் இடது பக்க ஆக்சில் ஷாஃப்ட் ஜிலேபி மாதிரி முறுக்கிக்கொண்டு உடைந்தது. அதற்குள் பின் டயர்கள் எல்லாம் செதில் செதிலாகத் தேய்ந்திருந்தன. கேரியரை (ஹவுசிங்குக்குள் இருக்கும் கியர் தொகுதி) இறக்கி, டிஃபரன்ஷியல் கியர்கள் இருக்கும் கூடான கேஜைப் பிரித்தால், இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஓட விடும் ஸ்டார் பினியன் நான்கையும், ஷாஃப்டைப் பிடிக்கும் சன் கியரோடு சேர்த்து வெல்டிங் அடித்து வைத்திருக்கிறார்கள். ஹவுசிங்கின் வெளியே தெரிந்த ஏர் சிலிண்டர் வேறு ஏதோ வண்டியுடையது. பிளேட் வைத்து போல்ட் அடித்திருந்தது. அதற்குப் பின்னால், ஷாஃப்டைக் கேஜோடு பூட்டும் பல் வளையமான காலர் இல்லை, அதைத் தள்ளும் ஃபோர்க் இல்லை. விளக்கு எப்படி எரிந்தது என்றால், டேஷ்போர்டு சுவிட்சிலிருந்தே நேராக வயர் இழுத்திருந்தார்கள். உண்மையான லாக்கில் அந்த விளக்குக்கான சுவிட்ச் ஹவுசிங்கில், ஃபோர்க் பக்கத்தில் இருக்கும். ஃபோர்க் நகர்ந்தால்தான் எரியும். சில சமயம் சுவிட்சைப் போட்ட பிறகும் காலரின் பல் எதிர்ப்பல்லின் இடைவெளிக்கு நேராக வரும்வரை விளக்கு எரியத் தாமதமாகும். சுவிட்சைத் தட்டிய அதே நொடியில் ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று எரிந்தால், சந்தோஷப்படாமல் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஏமாற்று மூன்று வாரம் தாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. வெல்டிங் அடித்த கேஜ் சேற்றில் உண்மையிலேயே இரண்டு பக்கமும் இழுக்கும். வண்டிக்காரருக்கு ஆரம்பத்தில் திருப்திதான். ஆனால் அதை விடுவிக்க வழியில்லை, தார் ரோட்டிலும் லாக் விழுந்தபடியேதான் ஓடும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். இடது ஜோடிக்கும் வலது ஜோடிக்கும் நடுவே 1.8 மீட்டர் என்று வைத்தால், 90 டிகிரி திரும்பும்போது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 2.8 மீட்டர். யூ டர்ன் போட்டால் 5.6 மீட்டர். இந்த தூரத்தைத் தின்னத்தான் கேஜுக்குள் ஸ்டார் பினியன் சுழல்கிறது. அது செத்துவிட்டால் டயர் ரோட்டில் தேய்க்க வேண்டும், இல்லை ஷாஃப்ட் முறுக வேண்டும். காலி வண்டியில் டயர் கத்தும். லோடு வண்டியில் டயர் நகராது, ஷாஃப்ட்தான் வாங்கும். போதாததற்கு, சாதாரண டிஃபரன்ஷியலில் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் பாதி விசைதான் போகும். பூட்டிய நிலையில் ஒரு பக்கம் வழுக்கினால் மொத்த இழுவையும் மற்ற ஷாஃப்டின் தலையில் விழும். மழையில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும் என்பது எல்லாவற்றையும்விட ஆபத்து.

இரண்டாவது ஏமாற்று ரேஷியோவில், அதாவது பினியன் எத்தனை சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும் என்பதில். கழற்றிய பழைய கிரவுன் (பெரிய பல்சக்கரம்) 41 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் 6 பல், அதாவது 6.83. மாட்டியது 37க்கு 6, 6.17. பார்க்க ஒரே மாதிரி ஹவுசிங்தான். ஆனால் ஒவ்வொரு கியரிலும் இழுவை ஏறக்குறைய 10 சதவீதம் போய்விட்டது. குழியிலிருந்து லோடோடு ஏற டிரைவர் அரை கிளட்சில் நிற்க வேண்டி வந்தது. வேகம் கியர்பாக்சிலிருந்து அளக்கப்படும் வண்டி என்பதால், மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66க்கு மேல் ஓடியிருக்கிறது. டிப்பருக்கு ஸ்பீடு லிமிட்டர் 60 என்பதையும் சேர்த்து யோசியுங்கள். விபத்து நடந்திருந்தால் யார் பதில் சொல்வது?

இது அத்தனையையும் கடை வாசலிலேயே, கேஜைப் பிரிக்காமல் பதினைந்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். ஆக்சிலை ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு முனை பிரேக் டிரம்மும் தரையில் படாமல், பிரேக் கட்டை உரசாமல் வையுங்கள். லாக்குக்குக் காற்று கொடுக்காமல் பினியன் பிளாஞ்சை (புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் தட்டு) ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு டிரம்மைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இரண்டுமே அசையாவிட்டால் உள்ளே வெல்டிங், இல்லாவிட்டால் லாக் விழுந்தே சிக்கியிருக்கிறது. அடுத்து கம்ப்ரசரிலிருந்து 6, 7 பார் காற்றை லாக் சிலிண்டருக்குக் கொடுங்கள். டிரம்மை லேசாக ஆட்டினால் 'டக்' என்று பல் விழும். இப்போது பிளாஞ்சைப் பிடித்தால் எந்த டிரம்மும், பற்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஆட்டத்துக்கு மேல், நகரக் கூடாது. நகர்ந்தால் சிலிண்டர் டம்மி. காற்றை விட்டதும் ஸ்பிரிங் தள்ளி மறுபடி விடுபட வேண்டும். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ரேஷியோ பார்க்க, லாக் விடுபட்ட நிலையில் ஒரு டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற டிரம்மைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிளாஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். எத்தனை சுற்றோ அதுதான் ரேஷியோ. 6.83 என்றால் ஏழுக்குக் கொஞ்சம் குறையும், 6.17 என்றால் ஆறைக் கொஞ்சம் தாண்டும். ஒரு சுற்று சுற்றி எண்ணிவிட்டுப் பாதிதான் வருகிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் நிற்கும்போது கேஜ் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. பின்னால் இரண்டு ஆக்சிலும் இழுக்கும் பத்துச் சக்கர வண்டியில் ஒரு ஆக்சிலை மட்டும் மாற்றினால், இரண்டு ஆக்சிலின் ரேஷியோவும் பல் எண்ணிக்கை வரை ஒன்றாக இருந்தாக வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா, லாக் இருக்கும் பக்க ஷாஃப்டை உருவிப் பாருங்கள். ஷாஃப்டின் வெளிமுனையில் உள்ள பிளாஞ்ச் நட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும். காலர் நகரும் பக்கத்து ஷாஃப்டில் ஸ்ப்ளைன் (ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய பல்) வழக்கத்தைவிட நீளமாகவோ இரண்டு வரிசையாகவோ இருக்கும், ஒன்று சன் கியருக்கு, ஒன்று காலருக்கு. இரண்டு பக்க ஷாஃப்டும் ஒரே ஸ்ப்ளைன் என்றால் எங்கே போய் லாக் விழப் போகிறது? பல வகை ஆக்சிலில் கேரியரை இறக்கும் முன் லாக்கைப் போட்டு, சிலிண்டரில் உள்ள போல்ட்டால் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும் என்பதையும் மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள். இல்லாவிட்டால் கேரியர் ஹவுசிங்கில் இடிக்கும், அல்லது காலர் ஃபோர்க்கை விட்டு விழும்.

ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் மாதிரி இருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. கட்டி கட்டியாக வந்தால் சத்தத்தை மறைக்க கிரீஸ் கலந்திருக்கிறார்கள். கிரவுன், பினியன் இரண்டிலும் செட் நம்பர் பொறித்திருக்கும். நம்பர் வேறு வேறானால் இரண்டு பழைய செட்டைக் கலந்தது, இடையில் வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மை எவ்வளவு மாற்றினாலும் ஊளையிடுவது நிற்காது. டயல் கேஜ் (முள் வைத்த அளவுகருவி) வைத்து கிரவுனைச் சுற்றி நான்கு இடத்தில் பல் ஆட்டம் பாருங்கள். கனரக வண்டிக்குப் பொதுவாக 0.2 முதல் 0.5 மி.மீ.க்குள் வரும், சரியான அளவு அந்த ஆக்சிலின் புத்தகத்தில் இருக்கும். ஓரிடத்தில் 0.2, எதிர்ப்பக்கம் 0.5 என்றால் கிரவுன் கோணியிருக்கிறது. ஹவுசிங்கில் பட்டை சீட், பிரேக் பிளேட் வெல்டிங் ஓரங்களில் பெயிண்டைச் சுரண்டுங்கள். புது பெயிண்ட் அடித்த ஹவுசிங்கை நம்பவே நம்பாதீர்கள்.

மாட்டியதிலும் கடை விட்ட குறை ஏராளம். ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒரு தடவை இறுகி நீண்ட யூ போல்ட் மறுபடி பிடிப்பு தராது. புதிது போட்டு, வண்டியின் எடை பட்டையில் உட்கார்ந்த பிறகு குறுக்குக் குறுக்காக இறுக்கி, முதல் 500 கி.மீ.க்குள் மறுபடி இறுக்க வேண்டும். லூசானால் பட்டையை நடுவில் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பின்னால் நகரும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டின் இரண்டு முனைக் கோணமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும், இதில் கோணத்தைச் சரிசெய்யும் ஆப்பு வைக்காமலே விட்டதால் 50க்கு மேல் கேபின் நடுங்கியது. காற்றில் பிரேக்கைத் தள்ளும் டப்பாவான பிரேக் சேம்பர் பழையது டைப் 30, வந்த ஆக்சிலில் ஒரு பக்கம் டைப் 24. அந்த எண் சேம்பருக்குள் காற்று தள்ளும் ரப்பர்த் தகடான டயாப்ரத்தின் பரப்பு, சதுர அங்குலத்தில். ஒரே காற்றுக்கு ஒரு பக்கம் 20 சதவீதம் குறைவாகப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேம்பரைக் கழற்றும் முன் உள்ளிருக்கும் பார்க்கிங் ஸ்பிரிங்கைக் கேஜிங் போல்ட்டால் சுருக்கிப் பூட்டாமல் கை வைக்காதீர்கள், அது ஆளைக் கொன்றுவிடும்.

லாக்குக்கான காற்றை பிரேக் டேங்கிலிருந்து ஒரு டீ போட்டு நேராக எடுத்திருந்ததுதான் மன்னிக்கவே முடியாதது. சிலிண்டர் சீல் கிழிந்தால் பிரேக் காற்றும் சேர்ந்து இறங்கும். நடுவே, காற்று கசிந்தாலும் பிரேக் காற்றைக் காப்பாற்றும் ப்ரொடெக்‌ஷன் வால்வு இருந்தாக வேண்டும், அல்லது பிரேக்குக்குச் சம்பந்தமில்லாத உபரிச் சர்க்யூட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஹவுசிங் மூச்சுவிடும் துளையான ப்ரீதரும் அடைத்துக் கிடந்தது. உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தாண்டி பிரேக் கட்டையில் எண்ணெய் இறங்கியிருந்தது.

நல்ல லாக்கையும் டிரைவர் ஒரே நாளில் உடைக்கலாம். சக்கரம் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால் காலர் பல் நொறுங்கும். சேற்றில் இறங்கும் முன், நின்றோ ஊர்ந்தோ, நேராக இருக்கும்போது போட வேண்டும். கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிட வேண்டும். விளக்கு அணைய மறுத்தால் ஷாஃப்டில் முறுக்கு நிற்கிறது, லேசாக ரிவர்ஸ் எடுத்து முன்னே விட்டால் விடுபடும். எண்ணெய் ஜிஎல் 5 ரகம், புத்தகத்தில் சொன்ன கனம். பல் வைத்த லாக்குக்குத் தனி மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம், அது கிளட்ச் பிளேட் உள்ள எல்எஸ்டி (வழுக்கலைக் குறைக்கும் டிஃபரன்ஷியல்) வகைக்குத்தான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெல்டிங் அடித்த கேஜைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். கொடுத்துவிட்டால் அது திரும்பி வராது. கேரியரை இறக்கும் முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். வண்டி நம்பர், ஹவுசிங், சிலிண்டர், வெல்டிங் எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும். வேறொரு பட்டறையில் பல் எண்ணிக்கை, செட் நம்பரோடு எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் வியாபாரத்துக்கு வாங்கியதற்கு இடமில்லை என்று கடைக்காரர் சொல்வார். சுயதொழிலாகப் பிழைப்புக்கே வாங்கியிருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. ஒற்றை வண்டி வைத்து ஓட்டுகிறவர் இதை வாதிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டு முதலில் புகாரைப் பதிந்துவிடுங்கள். இந்த வண்டிக்காரரிடம் இருந்தது 'ரியர் ஆக்சில் 1' என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. நீங்கள் வாங்கும்போது பில்லில் ஆக்சில் மாடல், கிரவுன் பல், பினியன் பல், 'ஏர் டிஃப் லாக் இயங்கும் நிலையில்' என்ற நான்கும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்த ஆக்சில் அங்கேயே கிடக்கட்டும்.