கரோனா துளைகளை அளக்க எந்த விண்கலத்தின் தரவு? சோஹோ, எஸ்.டி.ஓ., ஆதித்யா-எல்1

எங்கள் கல்லூரியின் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்கு இவ்வாண்டு ஆய்வுத் திட்டமாகக் கரோனா துளைகளை எடுத்துக்கொண்டோம். சூரியனின் காந்தப்புலக் கோடுகள் வளைந்து மீண்டும் சூரியனுக்கே திரும்பாமல் விண்வெளியை நோக்கித் திறந்திருக்கும் இடங்களில் அதன் வெளி வளிமண்டலமான கரோனாவின் அடர்த்தி குறைந்துவிடுகிறது; அவையே கரோனா துளைகள். ஆகவே அதீதப் புற ஊதாப் படங்களில் அவ்விடங்கள் இருண்டு தெரிகின்றன. வேகமான சூரியக் காற்று (மின்னேற்றத் துகள்களின் ஓட்டம்) புறப்படுவதும் அங்கிருந்துதான். சூரியனின் செயல்பாடு சுமார் 11 ஆண்டுகளில் ஏறி இறங்கும் ஒரு சூரியச் சுழற்சியின் போக்கில் இவற்றின் மொத்தப் பரப்பு எவ்வாறு மாறுகிறது என்பதே கேள்வி. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்காமல் தரவு எடுக்கக்கூடிய மூன்று விண்கலங்கள் எங்கள் முன் இருந்தன. நாங்கள் தேர்ந்தெடுத்தது நாசாவின் எஸ்.டி.ஓ. எனவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எல்லோரும் முதலில் பார்க்கும் வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் இணைந்து 1995 டிசம்பர் 2 அன்று ஏவிய சோஹோவின் புற ஊதாத் தொலைநோக்கியான இ.ஐ.டி., 1024 × 1024 பிக்சல் படங்களை எடுத்தது. 2010 பிப்ரவரி 11 அன்று ஏவப்பட்ட எஸ்.டி.ஓ.வின் ஏ.ஐ.ஏ. தொலைநோக்கிகள் 4096 × 4096 பிக்சல் படங்களைப் பெரும்பாலான அலைநீளங்களில் 12 விநாடிக்கு ஒன்றாக எடுக்கின்றன. படத்தின் நுணுக்கத்தில் ஏ.ஐ.ஏ.வே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் சூரிய வட்டில் பெரும்பரப்பை அடைத்துக் கிடக்கும் கரோனா துளையின் பரப்பை அளக்க இவ்வளவு நுணுக்கம் தேவையே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக 1024 × 1024 அளவில் சுருக்கித் தரப்படும் ஏ.ஐ.ஏ. படங்களே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. கல்லூரியின் இணைய வேகத்துக்கும் கணினிகளின் நினைவகத்துக்கும் அவைதான் ஏற்றவை. ஆகவே பிக்சல் கணக்கை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை.

முடிவைத் தீர்மானித்தது அளவுத்திருத்தம், அதாவது கருவி காட்டும் அளவை உண்மை அளவோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவது. விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கி ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே போகிறது. விண்கலத்தின் பாகங்களிலிருந்து ஆவியாகும் கரிமப் பொருள்கள், அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் கரி படிவதுபோல, வடிகட்டிகளிலும் உணரியிலும் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதீதப் புற ஊதா ஒளியை அந்தப் படலம் எளிதில் உறிஞ்சிவிடுகிறது. ஏ.ஐ.ஏ.வின் 304 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) அலைவரிசை முதல் சில ஆண்டுகளிலேயே தன் உணர்திறனைப் பெருமளவு இழந்தது. நாங்கள் பயன்படுத்தும் 193 ஆங்ஸ்ட்ராம் அலைவரிசை அவ்வளவு மோசமில்லை என்றாலும் அதுவும் மங்கியே வருகிறது.

கரோனா துளை ஆய்வுக்கு இது ஏன் உயிர்நாடியான சிக்கல் என்பதை ஒரு வரைபடமே காட்டிவிடும். ஒரு குறிப்பிட்ட ஒளிச்செறிவுக்குக் கீழே உள்ள பிக்சல்களையெல்லாம் துளை என்று எண்ணும்படி நிரல் எழுதி, திருத்தம் செய்யாத 193 ஆங்ஸ்ட்ராம் படங்களை 2011 முதல் வரிசையாக ஓட்டினால், ஆண்டுகள் செல்லச் செல்லத் துளைகளின் பரப்பு ஏறிக்கொண்டே போவதாக வரைபடம் காட்டும். அந்த ஏற்றம் நம்பும்படியாகவும் இருக்கும். ஏனென்றால் 24ஆம் சூரியச் சுழற்சி 2014 ஏப்ரலில் உச்சம் தொட்டு, 2019 டிசம்பரில் தாழ்நிலைக்கு இறங்கியது. அந்த இறக்கத்தின்போது கரோனா உண்மையிலேயே மங்குகிறது. சூரியனும் மங்குகிறது, கருவியும் மங்குகிறது. இரண்டும் ஒரே திசையில் நடப்பதால், எவ்வளவு பங்கு சூரியனுடையது, எவ்வளவு பங்கு கருவியில் படிந்த படலத்தினுடையது என்பதைப் படத்தைப் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வட்டின் சராசரி ஒளியோடு ஒப்பிட்டு வரம்பை வைத்துக்கொண்டால் கருவியின் மங்கல் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் சுழற்சியோடு அந்தச் சராசரியே ஏறி இறங்குவதால் சிக்கல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

இதைப் பிரித்தறிய வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். எஸ்.டி.ஓ.வுக்கு அப்படிப்பட்ட சாட்சி இருப்பதுதான் என் மனத்தில் அதற்கு முதலிடம் தந்தது. அதே விண்கலத்தில் உள்ள ஈ.வி.இ. கருவி சூரியனின் மொத்தப் புற ஊதா ஒளியை நிறமாலையாகப் பிரித்து அளக்கிறது. அந்தக் கருவியின் மாதிரி ஒன்றை ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்து, நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸிலிருந்து சிறு ராக்கெட்டில் ஏற்றி, வளிமண்டலத்துக்கு மேலே சில நிமிடங்கள் மட்டும் சூரியனைப் பார்க்க வைத்துக் கீழே கொண்டுவருகிறார்கள். மங்காத கருவி அன்று காட்டிய அளவையும் விண்ணில் பல்லாண்டுகள் கிடந்த கருவி அதே நாளில் காட்டிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மங்கல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஈ.வி.இ.யின் ஒரு பகுதி 2014 மே மாதத்தில் செயலிழந்த பிறகு ஏ.ஐ.ஏ.வின் திருத்தத்துக்கு இந்த ராக்கெட் அளவீடுகளின் முக்கியத்துவம் இன்னும் கூடியது. இவ்வாறு கிடைத்த திருத்த எண்கள் பொதுவில் வெளியிடப்பட்டுள்ளன. பைத்தான் மொழியில் ஏ.ஐ.ஏ.வுக்கென்றே உள்ள நிரல்தொகுப்பில் ஒரே வரியில் அவற்றைப் பொருத்திவிடலாம். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலையாக இதை மாற்றியது அந்த ஒரு வரிதான்.

அதன் பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. 193 ஆங்ஸ்ட்ராமில் வழக்கமான எக்ஸ்போஷர் (ஒளியை ஏற்கும் நேரம்) 2 விநாடி. ஆனால் பெரிய சூரியச் சுடர் (சூரியனில் நிகழும் திடீர் ஒளிவெடிப்பு) எழும்போது கருவி தானாகவே அதைக் குறைத்துக்கொள்கிறது. கோப்பின் தொடக்கத் தகவல் பகுதியான ஹெடரில் உள்ள அந்த நேரத்தால் ஒவ்வொரு படத்தையும் வகுக்காவிட்டால் அந்த நாள்களில் திடீரென்று துளைகள் பெருத்துவிடும். எஸ்.டி.ஓ. பூமியைச் சுற்றும் புவி ஒத்தியங்கு பாதையில் இருப்பதால் ஆண்டுக்கு இருமுறை, சில வாரங்களுக்கு, நாள்தோறும் அதிகபட்சம் 72 நிமிடங்கள் வரை பூமி சூரியனை மறைக்கிறது. அந்தப் படங்களையும் ஒதுக்க வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் ஈர்ப்புச் சமநிலை அமையும் எல்1 புள்ளியைச் சுற்றும் மற்ற இரண்டு கலங்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

சோஹோவின் பலம் அதன் வயது. 1996 முதல் தொடங்கும் அதன் 195 ஆங்ஸ்ட்ராம் படங்கள் 23ஆம் சுழற்சியைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தருகின்றன. 23, 24ஆம் சுழற்சிகளை ஒப்பிட விரும்புகிறவருக்கு இந்த மூன்று கலங்களில் வேறு வழியே இல்லை. ஆனால் அந்த நீளமான தொடரில் கிழிசல்களும் உண்டு. 1998 ஜூனில் கலத்துடனான தொடர்பே அறுந்து, மாதக்கணக்கில் தரவு இல்லாமல் போனது. படிந்த படலத்தையும் உணரியின் பழுதையும் போக்க இ.ஐ.டி.யின் உணரியை அவ்வப்போது சூடேற்றியதால், அதன் உணர்திறன் இறங்குவதும் சட்டென்று ஏறுவதுமாக இருக்கிறது. 2003இல் ஆன்டெனாவின் இயக்கம் பழுதான பின், சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலத்தையே 180 பாகை திருப்பினார்கள். ஹெடரைப் பார்க்காமல் படத்தைத் திறந்தால் வடதுருவத் துளை தெற்கே இருக்கும். இவற்றையெல்லாம் பொறுமையாகத் திருத்துவதே தனி ஆய்வாகிவிடும். அது முனைவர் பட்ட மாணவருக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. கரோனாவிலிருந்து பொருள் பெருமளவில் வெடித்து வெளியேறும் கரோனா நிறை வெளியேற்றங்களை ஆராய்வதானால் நிலைமை தலைகீழாகிவிடும்: எஸ்.டி.ஓ.வில் கரோனாகிராஃப் (சூரிய வட்டை மறைத்துச் சுற்றியுள்ள கரோனாவைப் படமெடுக்கும் கருவி) கிடையாது. சோஹோவின் லாஸ்கோ கருவி 30 சூரிய ஆரம் வரை பார்க்கிறது.

மாணவர்கள் முதலில் கேட்டது ஆதித்யா-எல்1ஐத்தான். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி 2024 ஜனவரி 6 அன்று எல்1ஐச் சுற்றும் பாதையை அடைந்த நம் கலம். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அந்த ஆசை நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனால் புனேயின் வானியல் ஆய்வு மையமான ஐயூக்கா உருவாக்கிய அதன் சூட் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பார்க்கிறது. அந்த ஒளி கரோனாவுக்குக் கீழே உள்ள அடுக்குகளான ஒளிமண்டலத்திலிருந்தும் நிறமண்டலத்திலிருந்தும் வருவது. 193 ஆங்ஸ்ட்ராம் படத்தில் கருத்துத் தெரியும் துளையை அதில் அப்படிக் காண இயலாது. பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அமைத்த வெல்க் கருவி கரோனாவைப் பார்க்கிறது என்றாலும், வட்டை மறைத்துக்கொண்டு விளிம்புக்கு வெளியே மட்டுமே பார்க்கிறது. தவிர, ஒரு முழுச் சுழற்சிக்கான தொடர் அதற்கு இன்னும் சேரவில்லை. எங்கள் கேள்விக்கு அது பொருந்தாததற்குக் கேள்வியின் தன்மையே காரணம். கருவியின் தரத்தைப் பற்றிய தீர்ப்பாக இதைக் கொள்ள வேண்டாம். சூட் படங்களைத் திறந்து பார்த்ததோடு என் அனுபவம் நிற்கிறது. அளவிட்டுப் பார்த்தவர்கள் சொல்வதற்கு என் சொல்லைவிட மதிப்பு அதிகம்.

சூரியச் சுடர்களை ஆராய்வோருக்கு நான் ஆதித்யாவையும் ஏ.ஐ.ஏ.வையும் சேர்த்தே பரிந்துரைப்பேன். 2024 பிப்ரவரி 22 அன்று எழுந்த எக்ஸ்6.3 வகைச் சுடரை (எக்ஸ் என்பது மிக வலிய சுடர்களின் வகுப்பு) சூட் பதிவு செய்திருக்கிறது; அதையே ஏ.ஐ.ஏ.வின் படங்களிலும் எடுத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்முன் இரு திருத்தங்களை மறக்கக் கூடாது. எல்1 பூமியைவிட ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் சூரியனுக்கு அருகில் இருப்பதால் சூட் படத்தில் வட்டு சுமார் ஒரு விழுக்காடு பெரிதாக இருக்கும். சுடரின் ஒளியும் ஏறத்தாழ 5 விநாடி முன்னதாகவே அங்கே சேர்ந்துவிடும்.